ஏ ஃபார் ஆப்பிளா, 'ஸ்' என்ற சத்தமா? பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பை எதில் தொடங்குவது

பள்ளி திறந்த இரண்டாவது வாரம். சாயங்காலம் கேட் பக்கத்தில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். "மிஸ், இவன் ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனா ஒரு வார்த்தை படிக்க வரல. பக்கத்து வீட்டுப் பொண்ணு இவனை விட ஆறு மாசம் சின்னவ, அவ புக்கே படிக்கிறா. ஃபோனிக்ஸ் கிளாஸ்ல சேத்துவிடட்டுமா?"

பையனுக்கு நாலரை வயது, யு.கே.ஜி. அவன் டைரியின் பின்பக்கத்தில் 'பின்' என்ற மூன்றெழுத்துச் சொல்லை எழுதிக் காட்டினேன். குண்டூசியைச் சொல்கிறோமே, அந்தப் பின். "பி, ஐ, என்" என்று உடனே சொன்னான். சேர்த்துச் சொல்லு என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு "பியையென்" என்றான்.

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவனுக்குத் தெரிந்தவை மூன்று பெயர்கள். மூன்றையும் வேகமாகச் சேர்த்தால் பியையென்தான் வரும். 'பின்' வர வேண்டுமென்றால் அந்த எழுத்துகள் போடும் சத்தம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதினொரு வருடமாக யு.கே.ஜி. வகுப்பெடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்தக் கேள்வி வருகிறது. வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பைத் தொடங்க நம் ஊரில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எழுத்தின் பெயரில் தொடங்கலாம்; முழுச் சொல்லாகப் பார்த்து மனதில் பதிய வைக்கலாம்; கேட், பேட், மேட் என்று ஓசை ஒத்த சொற்களைக் கூட்டமாகச் சொல்லித் தரலாம்; ஒவ்வோர் எழுத்தின் ஒலியைச் சொல்லிக் கொடுத்து ஒலிகளைச் சேர்க்கப் பழக்கலாம். அந்த அம்மா கேட்ட ஃபோனிக்ஸ் என்பது பொதுவாக இந்தக் கடைசி வழிதான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடைசி வழியில் தொடங்குங்கள், மற்ற மூன்றையும் அதனதன் நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெயரில் தொடங்குவது

நாம் எல்லோரும் படித்த வழி இது. ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால். வீட்டில் தாத்தா பாட்டிக்கும் தெரியும், சுவரில் மாட்டும் சார்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும், பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்டால் மனசு நிறையும். பெயர் தெரிவது வீண் என்று நான் சொல்லமாட்டேன். எம், எஸ், எஃப் போன்ற எழுத்துகளின் பெயருக்குள்ளேயே அவற்றின் ஒலி இருக்கிறது. பெயர் தெரிந்த பிள்ளை அந்த ஒலிகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. பள்ளியில் டிக்டேஷன் வைக்கும்போதும் ஸ்பெல்லிங் கேட்கும்போதும் பெயர்தான் பேச்சு மொழி.

சிக்கல் மற்ற எழுத்துகளில். 'டபிள்யூ' என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலி எங்குமே இல்லை. 'ஹெச்' என்ற பெயரைப் பலர் 'ஏச்' என்றே சொல்கிறோம். ஹ என்ற மூச்சே அதில் கேட்பதில்லை. சார்ட்டில் உள்ள படங்களும் உதவுவதில்லை. 'ஐ ஃபார் ஐஸ்க்ரீம்' என்று படித்த பிள்ளைக்கு 'பின்' என்ற சொல்லின் நடுவில் நிற்பது 'இ' என்று எப்படித் தெரியும்? 'எக்ஸ் ஃபார் எக்ஸ்மஸ் ட்ரீ' என்பதும் அப்படித்தான். அந்த எழுத்தின் ஒலி பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்பது பாக்ஸ், ஃபாக்ஸ் போன்ற சொற்களின் கடைசியில். சார்ட்டோ சொல்லின் தொடக்கத்தில் அதைத் தேடுகிறது.

இன்னொன்று, அகரவரிசை படிப்பதற்காக அமைந்த வரிசை இல்லை. பேட்டுக்கு வரும் பி-யும் டாகுக்கு வரும் டி-யும் அதில் முதல் நான்கு எழுத்துகளுக்குள் வந்துவிடுகின்றன. சின்ன எழுத்தில் இரண்டும் கண்ணாடி பிம்பங்கள், வயிறு எந்தப் பக்கம் என்பதுதான் வித்தியாசம். ஒரே வாரத்தில் இரண்டையும் பார்க்கும் நான்கு வயதுப் பிள்ளை குழம்புவது இயல்பு. நம் தொடக்கப் பள்ளிகளில் தமிழைத் தொடங்கும்போது அ, ஆ என்று போகாமல் ட, ப, ம என்று தொடங்கும் பழக்கம் உண்டு. எழுதுவதற்கு எளிய வடிவம். மூன்றெழுத்து தெரிந்ததும் படம், மடம், பட்டம், மட்டம் என்று படிக்க வந்துவிடும், புள்ளி மட்டும் சேர்ந்தால் போதும். தமிழில் நாம் கண்டுகொண்ட இந்த வழியை ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

முழுச் சொல்லும் ஃப்ளாஷ் கார்டும்

பக்கத்து வீட்டுப் பெண் 'புக்கே படிக்கிறாள்' என்று அந்த அம்மா சொன்னாரே, அது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் இருக்கும். சொல்லை ஒரு படம் போலப் பார்த்து நினைவில் வைப்பது. பலன் உடனே தெரியும்: இரண்டே வாரத்தில் பிள்ளை இருபது சொல் 'படிக்கும்'. அப்புறம்தான் தடுமாற்றம். வீடு என்ற பொருள் தரும் ஹவுஸும் குதிரை என்ற பொருள் தரும் ஹார்ஸும் எழுத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. உருவத்தைப் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும். புதிய சொல் வந்தால் திறக்கச் சாவி கிடையாது. பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்து ஊகிக்கும். மூன்றாம் வகுப்பில் படம் குறைந்து வரிகள் கூடும்போது அந்த ஊகமும் கைவிட்டுவிடும்.

ஆனாலும் இந்த வழியை முழுவதும் தள்ளிவிட முடியாது. த, வாஸ், ஸெட் என்று நாம் தினமும் பார்க்கும் சின்னச் சொற்கள் எழுதியிருப்பது ஒரு விதம், சொல்வது ஒரு விதம். அவற்றைப் பார்த்துப் பழகத்தான் வேண்டும். அமெரிக்காவில் எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியலைத்தான் இன்றும் பல பள்ளிகள் 'ஸைட் வேர்ட்ஸ்' என்று கொடுக்கின்றன. அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: இட், இன், பிக், ரெட், ரன் என்று ஒலி தெரிந்தாலே படித்துவிடக்கூடிய சொற்கள் அதில் ஏராளம். அவற்றையும் மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளையின் தலையில் தேவையில்லாத சுமை. உண்மையிலேயே முரண்டு பிடிக்கும் சொற்களை மட்டும் வாரத்துக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டால் போதும்.

கேட், பேட், மேட்

இதைத் தமிழ்க் காது சட்டென்று பிடிக்கும். கடைசி ஓசை ஒத்து வருவது நமக்கு இயைபு. முதல் ஓசை ஒத்து வருவது மோனை. இரண்டும் நம் தாலாட்டிலும் விளையாட்டுப் பாட்டிலும் இருப்பவைதான். நம் ஊர்ப் பல நர்சரிப் பள்ளிகளில் 'வேர்ட் ஃபேமிலி' என்று நோட்டில் எழுத வைப்பது இந்த முறையே.

ஒரு குறை இருக்கிறது. வரிசையாக எழுதியிருக்கும் பட்டியலைப் படிக்கும் பிள்ளை முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை மேலிருந்து இழுத்துக்கொள்கிறது. பட்டியலைக் கலைத்து நடுவில் ஒரு 'பெட்', ஒரு 'கப்' போட்டுப் பாருங்கள், அதையும் கேட், பேட் ராகத்திலேயே பாடிவிடும். நடு எழுத்தைப் பார்க்கும் பழக்கமே வந்திருக்காது. அதனால் இதை இரண்டாவது படியாக வைத்துக்கொள்கிறேன், வேகம் கூட்டுவதற்கு.

ஒலியில் தொடங்கிச் சேர்ப்பது

இனி நான் பரிந்துரைக்கும் வழி. ஆறு ஒலிகளை எடுத்துக்கொள்கிறோம்: ஸ், ஆப்பிளின் தொடக்கத்தில் வரும் ஒலி, ட், இ, ப், ன். இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில் வந்த ஜாலி ஃபோனிக்ஸ் முறையின் முதல் தொகுதி இந்த ஆறுதான். அந்த முறை 42 ஒலிகளை ஏழு தொகுதியாகப் பிரித்திருக்கிறது. டாகின் டி இரண்டாம் தொகுதியில், பேட்டின் பி மூன்றாம் தொகுதியில் என்று அந்தக் கண்ணாடி பிம்பங்களைத் தள்ளி வைத்திருக்கிறது. 26 எழுத்து கொண்ட ஆங்கிலத்தில் சுமார் 44 ஒலிகள். ஆகவே ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று 26-இல் நிறுத்தினால் பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரி. 'ஷ்', 'ச்', 'ங்' என்று இரண்டெழுத்து சேர்ந்து போடும் ஒலிகளும் பட்டியலில் இருந்தால்தான் பாடம் முழுமை.

முதல் ஆறு ஒலி தெரிந்ததுமே ஸிட், பின், டின், டிப், நிப், ஸிப் என்று படிக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளை தானே ஒரு சொல்லைத் திறந்து பார்க்கிறது. யாரும் முன்னால் சொல்லித் தராத சொல்லைத் தானாகப் படித்த அந்த நொடியில் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஒப்பிக்கும்போது அந்த முகம் வராது.

இந்த வழிக்கு ஆதரவாக இருக்கும் ஆய்வு கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், ஒலிகளை முறையாக வரிசைப்படுத்திக் கற்பிப்பது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லித் தருவதைவிடப் பலன் தருகிறது என்றது. இங்கிலாந்தில் வாசிப்பைக் கற்பிப்பது பற்றி 2006-இல் வந்த ரோஸ் அறிக்கைக்குப் பின் பள்ளிகள் இதற்கு மாறின. 2012 முதல் அங்கே ஆறு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒரு சோதனை நடக்கிறது. அதில் பாதி, பொருளே இல்லாத இட்டுக்கட்டிய சொற்கள். மனப்பாடமாகச் சொல்ல முடியாதபடி, ஒலிகளைச் சேர்க்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அமெரிக்க அறிக்கை ஃபோனிக்ஸின் வகைகளில் இதுதான் உயர்ந்தது என்று தனியாக எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. முறையாகவும் வரிசையாகவும் கற்பிப்பதுதான் பலன் தந்தது. இன்னொன்று, அந்த ஆய்வுகளில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று வாய், இன்னொன்று பொருள்.

அந்தச் சின்னப் புள்ளி

வாய் விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபோனிக்ஸ் வீட்டில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஆரம்ப வருடங்களில் நானும் ஒலி என்று சொல்லிக்கொண்டு 'ப', 'ட', 'ன' என்றுதான் கற்பித்தேன். பிள்ளைகள் கவனமாக 'ப… இ… ன…' என்று சொல்லிவிட்டு 'பயின' என்பார்கள். ஒலி தெரிகிறது, சேர்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் முந்தைய தமிழ் வகுப்பில் எழுதியது பலகையில் அழியாமல் இருந்தது: ப, அதன் பக்கத்திலேயே ப். அந்தப் புள்ளியைப் பார்த்ததும்தான் விளங்கியது. நான் கொடுத்துக்கொண்டிருந்தது உயிர்மெய். கொடுக்க வேண்டியது மெய். ஆங்கிலத்தின் அந்த எழுத்துக்கு ஒலி 'ப' இல்லை, 'ப்'. உதடு மூடித் திறந்ததும் முடிந்துவிட வேண்டும், பின்னால் ஓர் 'அ' ஒட்டிக்கொள்ளக் கூடாது. அன்று மதியம் 'ப்… இ… ன்' என்று சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போதே முன் பெஞ்சிலிருந்து 'பின்' என்று குரல் வந்தது.

மெய்யெழுத்துக்கு இவ்வளவு துல்லியமாக ஒரு குறியீடு நம் கையில் இருக்கிறது. எந்தச் செலவும் இல்லாத இந்த உதவியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். யு.கே.ஜி. பிள்ளைக்குப் புள்ளி இன்னும் சரியாகப் பழகியிருக்காது. பரவாயில்லை, சொல்லிக்கொடுக்கும் உங்களுக்குத் தெரியுமே. இங்கேயும் ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும். மெய்யெழுத்துகளை 'இக், இங், இச்' என்று ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த முன்னால் வரும் 'இ'-யையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் வேண்டிய ஒலி.

இழுக்கக்கூடிய ஒலிகளில் தொடங்கினால் இன்னும் சுலபம். ஸ்ஸ்ஸ் என்று இழுக்கலாம், ம்ம்ம் என்று இழுக்கலாம். ட், ப், க் மூன்றையும் இழுக்க முடியாது. அதனால் முதல் சொற்களை 'ஸ்ஸ்ஸிட்', 'ம்ம்மேட்' என்று இழுத்துக் காட்டும்படி எடுத்துக்கொள்வேன். ஒலிகளுக்கு நடுவில் இடைவெளி விழாது, பிள்ளை வழுக்கிக்கொண்டே அடுத்த ஒலிக்குப் போய்விடும்.

சொல்லின் கடைசியில் வரும் 'உ' இன்னொரு வேலை. புக்கு, பஸ்ஸு, பெட்டு. வல்லின மெய்யில் சொல்லை முடிப்பது தமிழுக்குப் பழக்கமில்லை; குற்றியலுகரம் நம் வாயில் ஊறியது. பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளையைத் திருத்தித் திருத்திப் பேசவிடாமல் செய்யாதீர்கள். ஆனால் ஒலிகளைச் சேர்க்கும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் 'கேட்டு' என்று முடியாமல் 'கேட்' என்று நிறுத்தப் பழக்குங்கள். இல்லையென்றால் எழுதும்போது கடைசியில் யு ஒன்றைச் சேர்த்துவிடும்.

அப்புறம், இந்தக் கட்டுரையில் நானே திணறும் இடம்: பென்சிலுக்கு வரும் எழுத்தையும் பேட்டுக்கு வரும் எழுத்தையும் தமிழில் 'பி' என்றுதான் எழுத முடிகிறது. க, ச, ட, த, ப ஐந்துக்கும் இதே கதை. பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு மாதிரி, இரண்டாவது ப வேறு மாதிரி. பாட்டு, பாடு இரண்டிலும் ட ஒன்றா? வாய் வித்தியாசமாகத்தான் சொல்கிறது, எழுத்து ஒன்றாகக் காட்டுகிறது. ஆகவே பிள்ளையின் காதுக்கு இந்த வித்தியாசத்தைத் தனியாகக் காட்ட வேண்டும். நான் செய்வது இது: பிள்ளையின் விரல்களை அதன் தொண்டையில் வைக்கச் சொல்வேன். 'பசு' என்று சொல்லத் தொடங்கும்போது உதடு மூடியிருக்கும் நேரத்தில் தொண்டை சும்மா இருக்கும். 'பஸ்' என்று சொல்லத் தொடங்கும்போது தொண்டை அதிரும். பல், பல்பு. பால், பால் பாட்டிலில் இருக்கும் பால் ஒன்று, உதைக்கும் பால் ஒன்று. வீட்டில் கிடக்கும் சொற்களை வைத்தே ஒரு வாரம் விளையாடலாம். எழுத்தைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை, காது பழகினால் போதும்.

கோழி

இனி பொருள். ஒரு வருடம் என் வகுப்பில் ஒரு பையன் பத்துச் சொல் கொண்ட பக்கத்தை வரிசையாகப் படித்தான். பென், டென், ஹென், மென். தடங்கலே இல்லை. "ஹென் எங்க இருக்கும்?" என்று கேட்டேன். முழித்தான். படிப்பதற்கு வந்த ஒரு சொல், அவ்வளவுதான் அது அவனுக்கு. "கோழிடா" என்றதும் அவன் முகம் மாறியது. "எங்க ஆயா வீட்ல நெறைய இருக்கு மிஸ், ஒண்ணு கொத்தும்" என்று ஐந்து நிமிடம் பேசினான்.

ஆய்வாளர்கள் பிலிப் காஃபும் வில்லியம் டன்மரும் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதிக் காட்டினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடை பூஜ்யம். ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை 'ஹ்-எ-ன்' என்று சேர்த்த மாத்திரத்தில் தெரிந்த சொல் ஒன்று காதில் விழும். அந்த 'ஆ, இதுவா' என்ற உணர்வே அதற்குச் சம்பளம். நம் பிள்ளைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே காதில் விழுந்திருக்காவிட்டால் சேர்ப்பதில் ருசி இருக்காது. ஆகவே நாளைக்குப் படிக்கப்போகும் சொற்களை இன்றே பேச்சில் விடுங்கள். டின்னைக் கையில் கொடுத்து டின் என்று சொல்லுங்கள். தமிழில் பொருள் சொல்லத் தயங்கவே வேண்டாம். தமிழில் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளை ஆங்கிலக் கதையையும் சீக்கிரம் பின்தொடர்கிறது. ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழ்ப் பேச்சைக் குறைக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

வகுப்பா, ஆப்பா, வீடா

வழி முடிவானால் அடுத்த கேள்வி யார் சொல்லித் தருவது. ஃபோனிக்ஸ் கிளாஸ் இப்போது தெருவுக்குத் தெரு இருக்கிறது. நல்லவையும் உண்டு. சேர்ப்பதற்கு முன் ஒரு டெமோ வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் 'ப்' என்கிறாரா 'ப' என்கிறாரா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எத்தனை முறை வாய் திறந்து படிக்கிறது என்று எண்ணுங்கள். இருபது பிள்ளைகள் கோரஸாக ஆட்டம் போட்டுச் சொல்வது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்கள் பிள்ளை உதட்டை மட்டும் அசைத்தாலும் யாருக்கும் தெரியாது. 26 எழுத்தோடு பாடம் முடிந்துவிடுகிறதா, அதற்கு மேலும் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சான்றிதழையும் பட்டமளிப்பு அங்கியையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

ஆப், யூடியூப் இரண்டுக்கும் ஒரு நன்மை: ஒலி சுத்தமாகக் கேட்கும். உங்களுக்கே உச்சரிப்பில் சந்தேகம் இருந்தால் நீங்கள் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் பல ஒலிகளைச் சரிசெய்துகொண்டேன். பிள்ளை சொல்வதைத் திரை பெரும்பாலும் கேட்காது என்பதுதான் பெரிய குறை. பிள்ளை 'பேன்' என்று சொன்னாலும் அது 'ஃபேன்' என்று கைதட்டும். இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் கார்ட்டூனும் வர வேண்டியிருக்கிறது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தமிழ், கணக்கோடு ஆங்கிலமும் இருக்கிறது. பிள்ளையை வகுப்பை வைத்து மட்டும் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை ஆங்கிலத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள், எந்த ஒலிகளில் தடுமாறுகிறது என்றும் கேளுங்கள். வீட்டில் எங்கே கைகொடுப்பது என்று அதிலிருந்து தெரியும்.

வீட்டில் செய்வதற்கு என்னிடம் கேட்டால், கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் போதும். கெட்டி அட்டை, வெள்ளையாக இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, சின்ன எழுத்தில் ஒன்றுக்கு ஒன்று எழுதுங்கள். பெரிய எழுத்து இப்போது வேண்டாம்; புத்தகத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் சின்ன எழுத்துதான். ஒரு தாம்பாளத்தில் அரிசி பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதச் சொல்லுங்கள். விஜயதசமிக்கு நாம் செய்வதையே தினமும் செய்வதுதான். மரியா மாண்டிசோரி உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைத்தார். பெயர் பிறகு வந்தது. 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் இருந்தவர். அந்த வழி நம் ஊருக்குப் புதிதில்லை. பென்சிலால் நாலு கோடு நோட்டில் எழுதுவதை இதோடு கலக்காதீர்கள். விரல் தசை உறுதிப்படாத பிள்ளைக்கு எழுதும் வலி, வாசிப்பின் மேல் வெறுப்பாக மாறிவிடும்.

பத்து நிமிடம் போதும், தினமும் நடக்க வேண்டும். முதலில் நேற்றைய அட்டைகள், பிறகு ஒரு புது ஒலி, பிறகு இரண்டு மூன்று சொற்களைச் சேர்ப்பது. பிள்ளை கொட்டாவி விட்டால் அட்டையைக் கட்டி வையுங்கள்.

பள்ளியில் பெயர், வீட்டில் ஒலி என்றால் குழம்பாதா என்று கேட்பார்கள். குழம்பாது. "நாய்க்குப் பேர் என்ன?" "நாய்." "அது எப்படிக் கத்தும்?" "லொள்." இந்த எழுத்துக்குப் பேர் எஸ், அது போடும் சத்தம் ஸ்ஸ்ஸ். நான்கு வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வயதைப் பொறுத்துச் சின்ன மாற்றம் வேண்டும். மூன்று வயதில் அட்டையே வேண்டாம். "ம்ம்ம்-ல தொடங்குற பொருள் எடுத்துட்டு வா" என்று வீட்டுக்குள் ஓடவிடுங்கள், மிளகாயும் முறமும் வந்தாலும் சரிதான், காது பழகுகிறது. நாலரை, ஐந்தில் ஆறு ஒலிகளோடு தொடங்கலாம். இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கு வந்தும் படிக்க வராத பிள்ளைக்கும் இதே ஆறு ஒலியில்தான் தொடங்க வேண்டும், ஆனால் பாப்பா படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்துக் கூச்சப்படுத்தாமல் அதன் வயதுக்கேற்ற சொற்களை எழுதிக் கொடுங்கள். ஆறு வயது தாண்டி, மாதக்கணக்கில் தினமும் செய்தும் ஒரு சொல்லின் முதல் ஒலியைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் திட்டாதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள், பிறகு டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன.

அந்த அம்மாவிடம் கிளாஸ் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். டைரியின் பின்பக்கத்தில் ஆறு ஒலிகளையும் தமிழ்ப் புள்ளியோடு எழுதிக் கொடுத்தேன். "காலாண்டு லீவு முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க. அவன் எழுத்தைப் பார்த்துப் படிக்கலைன்னாலும் பரவால்ல. நான் சில சின்னப் பொருளைப் போட்ட டப்பாவை அவன் முன்னால வச்சு 'ப்… இ… ன்' அப்படின்னு வாயால சொல்லுவேன். அவன் அதுலேர்ந்து பின்னைக் காட்டினா, பாதி வேலை முடிஞ்சுது" என்றேன். பையன் அதற்குள் அம்மாவின் சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டு, "இதுவா மிஸ்?" என்றான்.